உடைந்த அப்பத்தின் மற்றப் பாதி

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும், அவருடைய தோட்டை அண்ணன் மனைவிதான் எடுத்தாள் என்று மாதா கோயில் வாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அது என் தையல் பெட்டிக்குள் கிடந்தது. சாவு வீட்டு அவதியில் நானேதான் வைத்து மறந்திருக்கிறேன். கண்டெடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஆலையடிவேம்பிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்ததால், எங்கள் கல்முனைக் கோயிலில் கூட்டம் அதிகம். நற்கருணை வரிசையில் அண்ணன் மனைவிக்குப் பின்னால் நிற்க மனமில்லாமல் முந்திக்கொண்டேன். அவள் எனக்குப் பின்னால், கடைசி ஆளாக நின்றாள்.

என் முறை வந்தபோது பாதர் பாத்திரத்துக்குள் பார்த்தார். ஒரேயொரு அப்பம்தான் மிஞ்சியிருந்தது. அதை இரண்டாக உடைத்தார். ஒரே அப்பத்தை உண்பவர்கள் ஒரே உடல் என்று மறைக்கல்வியில் படித்தது அப்போதுதான் பயமாக இருந்தது.

“கிறிஸ்துவின் உடல்,” என்றார் பாதர்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு திரும்பினேன். “மச்சாள், தோடு என்ட பெட்டிக்குள்ளதான் கிடந்திச்சு.”

அவள் முகம் மாறவில்லை.

“முதல்ல கைய நீட்டுங்க. பாதர் எவ்வளவு நேரம் நிக்கிற?”

நீட்டினேன். மற்றப் பாதியை அவள் வாங்கினாள். மன்னித்தாளா என்று இன்னும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிறுகளில் அவளுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.