பெயர் நீக்கும் அறை

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், போர்வை வெளுக்கும் இடத்தைத் தாண்டிப் போனால் ஒரு சின்ன அறை. ஜன்னல் கண்ணாடியில் உள்ளே தெரியாதபடி வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். யாராக இருந்தாலும் போனையும் பையையும் வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய டாக்டர் ஒருமுறை முறைத்துப் பார்த்தார், பிறகு அவரும் வைத்தார். அவரை வைக்கச் சொன்னவளுக்கு அன்றிலிருந்து பூட்டு என்று பெயர் வந்தது. கேலியாக வைத்த பெயர்தான். அவளுக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

அவள் வேலை இதுதான். நோயாளிகள் சம்மதித்துக் கொடுத்த மருத்துவக் குறிப்புகள் ஆராய்ச்சிக்குப் போகும். போவதற்கு முன்னால் அது யாருடையது என்று தெரியாமல் செய்ய வேண்டும். பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே எடுத்துவிட்டு ஓர் எண்ணைப் போட்டுவிடும். எந்த எண் யாருக்கு என்கிற விவரம் வேறு கட்டடத்தில், வேறு ஆளிடம் இருக்கும். ஆனால் டாக்டர்கள் கை சும்மா இருக்குமா? பாலத்தடியில் பழக்கடை வைத்திருக்கிறார், இரட்டைப் பிள்ளை, போன வருஷம் மாமியார் மாடிப்படியில் விழுந்தார் என்று நோயாளி சொன்னதையெல்லாம் எழுதி வைத்துவிடுவார்கள். பெயரை எடுத்து என்ன பிரயோஜனம்? அந்தப் பக்கம் போய் யாரைக் கேட்டாலும் வீட்டைக் கை காட்டிவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் கோட்டைவிடும் இடங்களை எல்லாம் பூட்டு பிடிப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வரி வரியாகப் படிப்பாள். பழக்கடையை அழித்து வியாபாரம் என்று போடுவாள். மாமியார் உறவினர் ஆவார். சித்தப்பா, மூத்தார், நாத்தனார், கொழுந்தியாள், எல்லோரும் உறவினர்தான். நம்மிடம் உறவுச் சொற்களுக்கா பஞ்சம்? ஒன்றைச் சொன்னால் போதும், குடும்பத்தில் பாதிப்பேர் கூடவே எழுந்து வந்துவிடுவார்கள்.

அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. படிக்கும்போது இது தெரிந்தவருடைய குறிப்பு என்று பட்டால் அதற்கு மேல் ஒரு வரி படிக்கக் கூடாது. "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்து மேசையில் இருந்தவர் மீசைக்காரர். ஊர்க்கதை எல்லாம் பேசுவார், அவர் வாய்க்கு ஓய்வே கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் கப்சிப்.

அவள் இவ்வளவு கெடுபிடியாக இருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு சின்ன மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போனாள். முடிவை டாக்டர் அவளிடம் சொல்வதற்கு முன்னாலேயே அங்கே சீட்டு எழுதுகிறவன் வெளியில் சொல்லிவிட்டான். அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது மாமியார் அவளுடைய துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தாள். அவள் வயிற்றில் பிள்ளை தங்காது என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கட்டியவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நல்ல மனுஷன்தான், குனிந்தே நின்றுவிட்டான்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது தங்கை குடும்பம்தான். தங்கை கணவர் கண்ணாடி வெட்டுகிறவர். கடைத்தெருவில் சின்னக் கடை, சுவரோரம் சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகைகள், காலடியில் எப்போதும் சில்லுத் தூள். அவர்களுக்கு ஒரே பெண். தங்கைக்குக் கடை வேலையே சரியாக இருந்ததால் பெண்ணைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் பூட்டுதான். அந்தப் பெண் இப்போது ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. பிடித்த பையனோடு கல்யாணமும் பேசி முடித்தாகிவிட்டது. பூட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாயே திறக்காதவள் மீசைக்காரரிடம் அதைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசினாள்.

அந்த நாட்களில்தான் நரம்பு நோய் ஆராய்ச்சிக்கான குறிப்புகள் வந்தன. பொல்லாத நோய். நடுவயதில் கை கால் தானாக ஆட ஆரம்பிக்கும், பிறகு பேச்சு குழறும், கடைசியில் புத்தியும் போகும். மருந்து கிடையாது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ரத்தம் சோதித்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வது என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

ஒரு குறிப்பில் கண்ணாடி வெட்டும் தொழில் என்று இருந்தது. கைத்தொழில் என்று மாற்றினாள். ஊரில் எத்தனையோ பேர் கண்ணாடி வெட்டுகிறார்கள். அடுத்த வரியைப் படித்தாள். 'மனைவியின் அக்கா இதே ஆஸ்பத்திரியில் பதிவுப் பிரிவில் வேலை செய்கிறார். அவருக்குத் தெரியவே கூடாது என்கிறார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.'

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இத்தனை வருஷம் செய்ததைச் செய்தாள்.

"எனக்கு வேண்டாம்."

மீசைக்காரர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அன்று மாலை அவர் தேநீர் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார். மறுநாளிலிருந்து கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்பதே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் குறிப்பை அவருக்குத் தள்ளியதே தப்பு. விதிப்படி நடந்து, தங்கை வீட்டு ரகசியத்தைத் தன் கையாலேயே இன்னொருவரிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பெண்ணிடம் சொன்னால் வேலை போகும். அதைவிட, அந்தச் சீட்டு எழுதியவனுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லாவிட்டாலோ, தான் வளர்த்த பெண் எதுவும் தெரியாமல் கழுத்தை நீட்டுவாள், பிள்ளையும் பெறுவாள். அவளைக் கட்டப்போகிற பையன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

முதலில் தங்கை கணவரையே போய்ப் பார்த்தாள். கடையில் தனியாக இருந்தார். வைர முனையை வைத்து ஒரு கோடு இழுத்தார். பாதியில் மணிக்கட்டு துள்ளியது, கோடு விலகியது. அவர் ஒன்றும் நடக்காத மாதிரி அந்தப் பலகையை ஓரமாக வைத்தார். அங்கே அப்படிக் கெட்டுப்போன பலகைகள் நிறைய இருந்தன.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுகிட்ட உக்காந்து மனசு விட்டுப் பேசுங்க. எதுவா இருந்தாலும்."

அவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "பேசுறதுக்கு என்ன இருக்கு? அவ சந்தோஷமா இருக்கா. அது போதும்."

இதற்கு மேல் பூட்டால் முடியவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். போகிற வேலை போகட்டும். பள்ளி விடும் நேரத்துக்குப் போய் வாசலில் நின்றாள். பெண் கையெல்லாம் வண்ணக் கறையோடு வந்தாள். பக்கத்தில் இருந்த பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"இருங்க பெரியம்மா. நான் சொல்லிடறேன். இப்ப விட்டா அப்புறம் எனக்குத் தைரியம் வராது." விரலில் காய்ந்திருந்த நீலத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "கல்யாணம் வேண்டாம்னு சொல்லப் போறேன். அப்பா கை ஆடுறதை ரொம்ப நாளா பாக்குறேன். தாத்தா எப்படிச் செத்தாருன்னு அத்தை ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டாங்க. நானே போய் ரத்தம் குடுத்தேன். எனக்கும் இருக்கு."

பேருந்து ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பூட்டு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூட அவளுக்கு வரவில்லை.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாது பெரியம்மா. அவருக்கு என்னன்னு அவருக்கே தெரியுமோ என்னமோ. தெரிஞ்சு, எனக்கும் வந்துடுச்சுன்னும் தெரிஞ்சா, நாமதானே குடுத்தோம்னு அந்த மனுஷன் உயிரோட இருக்க மாட்டார். அம்மாகிட்டயும் வேண்டாம். வேற ஏதாவது காரணம் சொல்லிக்கறேன்."

"அப்பாகிட்ட நீயே ஒரு தடவை பேசிப் பாரேன்."

"மாட்டேன். நீங்களும் சொல்ல மாட்டீங்க. அதனாலதான் உங்ககிட்ட சொன்னேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல. எப்பவும் சொல்றதுதான். வேளைக்குச் சாப்பிடு."

ஒரே கூரைக்குக் கீழே அப்பன் மகளுக்கு மறைக்கிறான், மகள் அப்பனுக்கு மறைக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதிருந்தால்கூட அந்த வீட்டுக்கு ஒரு விடிவு வந்திருக்கும். அதற்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை பூட்டிடம் இருந்தது, அதைச் சொல்லும் உரிமைதான் இல்லை.

பையனைப் பிடிக்கவில்லை என்று பெண் சொல்லிவிட்டாள். வீடு ரெண்டுபட்டது. தங்கை கணவர் பூட்டைத் தேடி வந்தார். "அவ உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டா. என்ன காரணம்னு கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றார். கோபமாகத்தான் பேசினார். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் பார்த்தாள். ஒரு பையனை ஏமாற்றும் பாவத்திலிருந்து தப்பித்துவிட்ட நிம்மதி. எதுவும் தெரியாமலே தன் பெண்ணும் அந்தப் பாவத்திலிருந்து தப்பித்துவிட்டாள் என்றுகூட நினைத்திருப்பார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் பூட்டு.

தங்கை காரணம் கேட்கக்கூட இல்லை. சமையலறையில் நின்றபடியே சொன்னாள்: "நீதான் அவ மனசைக் கெடுத்தே. உனக்குத்தான் வாழ்க்கை அமையல. அவளுக்கும் அமையக் கூடாதுன்னு நெனச்சியா? இனிமே இந்தப் பக்கம் வராதே."

பூட்டு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கூடப்பிறந்தவள் கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு முற்பகலில், அதே ஆராய்ச்சிக்கு இன்னொரு குறிப்பு அவள் திரைக்கு வந்தது. பெண், மணமாகாதவர், பள்ளியில் ஓவிய ஆசிரியை. 'தனக்குப் பயன்படாவிட்டாலும் பின்னால் யாருக்காவது பயன்படட்டும் என்று சம்மதித்திருக்கிறார். வீட்டில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் பெரியம்மா. அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறேன் என்றார்.'

அவள் கை தானாகவே விசைப்பலகையை விட்டு எடுபட்டது. மீசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வளர்த்த பெண் ஒருத்தி உண்டு, ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள், கல்யாணம் நின்றுபோனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"என்னங்க, வேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த அறையில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்ல. நானே பாத்துக்கறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் மீறிய விதி அது ஒன்றுதான். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள். ஓவிய ஆசிரியை என்பதை அழித்தாள், பணியில் இருப்பவர் என்று போட்டாள். பள்ளியை எடுத்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு பெரியம்மா என்ற சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் உறவினர் என்று அடித்தாள்.