முன்னுக்கு ஆடிய மேல்வீட்டுப் பிள்ளை

ஊரில் யுத்தம் முடிந்து, இங்கே சனம் மெல்ல மெல்ல மறுபடி மண்டபம் எடுத்துக் கொண்டாடத் துணிந்த ஆண்டுகளில் ஒரு கோடை அது. பாரிசின் லா சப்பலில் என் தங்கை குடியிருந்த கட்டடத்துக்கு ஓர் உள்முற்றம் உண்டு. நாலு பக்கமும் சுவர், மூலையில் குப்பைத் தொட்டிகள், தலைக்கு மேல் கைக்குட்டை அளவு வானம். மேல்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல்கள் சிணுங்கும். அந்த முற்றத்தில் ஆறு பெண்பிள்ளைகள் ஆடினார்கள். ஒரு கைபேசி, அதைப் போட்டுவைக்க ஒரு வெறும் வாளி. வாளிக்குள்ளிருந்து பாட்டு கிளம்பிச் சுவரில் மோதித் திரும்பி வரும். நான் உணவகத்து வேலைக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்ப்பேன். எட்டிப் பார்த்தவன் நிற்பேன், நின்றவன் வாளிக்குப் பக்கத்தில் குந்திவிடுவேன். இரண்டாம் மாடி மனிதர் முதலில் பொலிசைக் கூப்பிடப்போவதாகக் கத்தினார். ஓகஸ்ட் வர, அவரும் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மூன்றாவது பிள்ளை பிந்துகிறாள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தங்கையின் மகள், என் மருமகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கான ஒத்திகை அது. எங்களுக்கு அது சாமத்தியவீடு. இங்கே அது வீட்டில் நடப்பதில்லை. மண்டபம் கிடைக்க வேண்டும், பள்ளி விடுமுறை வரவேண்டும், கனடாச் சொந்தக்காரருக்கு லீவு கிடைக்கவேண்டும். பிள்ளை அதற்குள் ஒரு வகுப்பு ஏறிவிடும். பிள்ளை மேடைக்குப் போகும்போது தோழிகள் முன்னுக்கு ஆடிக்கொண்டு போவார்கள். பின்னால் தாய்மாமன் கையைப் பிடித்தபடி அவள் குனிந்த தலையோடு நடந்து வருவாள். ஊரில் இல்லாத வழக்கம். இங்கே யாரோ தொடக்கிவைத்தார்கள், இப்போது ஆட்டம் இல்லையென்றால் வீடியோக்காரரே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். தன் விழாவில் தான் மட்டும் ஆட முடியாது என்பதுதான் மருமகளுக்கு இருந்த ஒரே துக்கம்.

ஆறு பேரில் முன்னுக்கு நின்றவள் மேல்வீட்டுப் பிள்ளை. பெற்றோர் மாலி நாட்டிலிருந்து வந்தவர்கள். பாலர் பள்ளியிலிருந்தே மருமகளும் அவளும் ஒரே வாங்கு, ஒரே சாப்பாட்டுப் பெட்டி, ஒரே தண்டனை. பாட்டில் ஒரு சொல்லும் அவளுக்கு விளங்காது. ஆனால் அடி எங்கே விழும் என்று அவளுடைய குதிகாலுக்கு முன்கூட்டியே தெரியும். மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்த்துத்தான் கால் வைத்தார்கள்.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாமி முற்றத்துக்கு வந்தார். மாமி என்பது தங்கையின் கணவருக்கு அக்கா. நல்ல நேரம் கேட்பது முதல் பலகாரம் சுடுவது வரை அந்த வீட்டில் அவர் சொல்தான். மூட்டு வலிக்காரர். குனியமாட்டார், நிமிர்ந்தே இருப்பார், எதிலும். ஒரு முழுப் பாட்டையும் நின்று பார்த்தார். பிறகு என்னைத் தொட்டிகளின் பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கறுவல் பிள்ளை வரட்டும், வடிவாச் சாப்பிடட்டும். முன்னுக்கு ஆட வேண்டாம்."

"ஏன் அக்கா?"

"வீடியோ ஊருக்குப் போகும், கனடாவுக்குப் போகும். சனம் என்ன கேக்கும்? உங்களுக்கு எங்கட பிள்ளையள் கிடைக்கேல்லையோ எண்டெல்லோ கேக்கும்."

நான் என்னென்னவோ சொன்னேன். மாமியின் முகத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. தங்கை மேலே போய்ப் பிள்ளையின் தாயிடம் பக்குவமாகச் சொல்லிவிடவேண்டும் என்று முடிவாயிற்று. தங்கை மேலே போனாள். அரை மணித்தியாலம் இருந்து தேத்தண்ணி குடித்தாள். என்ன கறி பிடிக்கும், உறைப்புச் சாப்பிடுவீர்களா என்று விசாரித்துவிட்டு இறங்கி வந்தாள். சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மாமியிடம் போய், ஓம், சொல்லியாச்சு என்றாள்.

ஆகவே விழா நாளான அந்த ஞாயிறு, பாரிசை அடுத்த பொபினி மண்டப வாசலில், மற்ற ஐந்து பேர் கட்டிய அதே மாம்பழ நிறத் தாவணியோடு, தலை நிறையப் பூவோடு, மேல்வீட்டுப் பிள்ளை வந்து நின்றாள். பக்கத்தில் தாய், தோளிலே பெரிய பூப்போட்ட அகலச் சால்வை. மாமி திகைத்தது ஒரு நொடிதான். உடனே சிரித்த முகத்தோடு இருவரையும் கையில் பிடித்து விருந்தாளிகளின் கதிரைகளின் பக்கம் கொண்டுபோனார். அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

வாசலுக்கு நேரே, வாடகைக்கு எடுத்த வெள்ளைக் காருக்குள் மருமகளும் நானும் இருந்தோம். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். கையை நீட்டிக் கதவைப் பூட்டினாள். பிறகு பிரெஞ்சில், மிக அமைதியாக, அவள் முன்னுக்கு ஆடாவிட்டால் தான் இறங்கப்போவதில்லை என்றாள்.

மாமி வந்து கண்ணாடியில் தட்டினார். மணிக்கூட்டைக் காட்டினார். நண்பகலோடு நல்ல நேரம் முடிகிறது. ஊர் ஐயருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு வாங்கிய நேரம். உள்ளே நாதஸ்வர இசைத்தட்டு மூன்றாம் தரம் சுற்றிக்கொண்டிருந்தது; இறைச்சி மணம் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. தகப்பன் வந்து கெஞ்சினார், தாய் வந்து அழுதாள். கண்ணாடியைத் தாழ்த்தி நான் சொன்னேன்:

"அக்கா, எனக்கு இவளைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது. இடுப்பு பிடிச்சிடும்."

மருமகள் என் தோளுக்கு மேலால் எட்டி, எப்போதாவது பேசும் தமிழில் சொன்னாள்: "மாமி, அவள் என்ர சிநேகிதி. நீங்கள் சொல்லுற சனத்தை எனக்குத் தெரியாது."

மாமி மணிக்கூட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். முக்கால் வாழ்க்கையும் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றதுபோல நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், மேல்வீட்டுப் பிள்ளையைக் கையில் பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் நிறுத்தினார். கலைந்திருந்த அவள் தாவணி மடிப்பைச் சரிசெய்தார். "ஆடம்மா, ஆடு. நேரம் போகுது" என்றார்.

கார்க் கதவு திறந்தது, மருமகள் என் கையைப் பிடித்து இறங்கினாள். பாட்டு விழுந்தது. முற்றத்தில் வாளிக்குள் அடைந்து கிடந்த பாட்டு அந்த மண்டபத்தில் முழு உடம்போடு எழுந்து நின்றது. ஆறு பேரும் ஒரே குதிகாலாய் இறங்கினார்கள். நாலு அடி கூடப் போகவில்லை, கூட்டத்திலிருந்து மேல்வீட்டுத் தாய் எழுந்து வந்தார். தோளிலிருந்த சால்வையை உதறி, மருமகளின் காலடியில் நீளமாக விரித்தார். அவர்கள் ஊரில் மணப்பெண் நடக்க இப்படித்தான் துணி விரிப்பார்களாம், பிறகு சொன்னார்.

எங்கள் ஊரிலும் துணி வெளுப்பவர்கள் இப்படி விரித்தார்கள். நிலபாவாடை என்று அதற்குப் பெயர். விரித்தவர்களை நாங்கள் வாசலோடு நிறுத்திவைத்தோம், அதுவும் வழக்கம்தான். மண்டபத்திலிருந்த முதியவர்களுக்கெல்லாம் அது தெரியும். மருமகள் சால்வையில் கால் வைத்தாள், என் கையை விட்டாள், குனிந்த தலையை நிமிர்த்தினாள், ஆடத் தொடங்கினாள். வீடியோக்காரர் பின்பக்கமாக நடந்து ஒரு கதிரையில் விழுந்தார். விழுந்தும் படம் பிடித்தார்.

அவள் மேடை ஏறியபின் சால்வை தரையில் கிடந்தது. யாரும் மிதிக்குமுன் மாமி குனிந்தார். ஆம், மாமிதான், முழங்காலைப் பிடித்து, முனகி, குனிந்தார். தூசி தட்டி, மூலைக்கு மூலை மடித்து, அந்தத் தாயின் தோளில் வைத்தார். அந்தத் தாய் நன்றி சொல்லவில்லை. மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இன்னும் ஆடிக்கொண்டிருந்த தன் பிள்ளைக்குப் பின்னால் ஆடினார். மாமி மூட்டு வலி என்று சைகை காட்டிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

வீடியோ ஊருக்கும் போனது, கனடாவுக்கும் போனது. கனடாவிலிருந்து அழைப்பு வந்தபோது நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். மாமி ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். எதிர்முனை கேட்டது, அது ஆர் முன்னுக்கு ஆடுறது என்று.

"அதோ? அது எங்கட மேல்வீட்டுப் பிள்ளை" என்றார் மாமி. "நீ அதை விடு. அவளுக்குப் பின்னால ஆடுறன், என்னைக் காணேல்லையே?"