காந்தம் ஒட்டிய கத்தி

சனிக்கிழமை காலை நண்பரின் பக்கத்துக் கடைக்காரர் போனில் அழைத்தார். "அண்ணே, ராஜமாணிக்கம் தவறிட்டாருண்ணே. நெஞ்சு வலின்னு உக்காந்தாராம், அம்புட்டுதேன்." திண்டுக்கல் கடைவீதியில் அவருடைய எவர்சில்வர் பாத்திரக் கடையில் சீர்ச் சாமான் வாங்கியவர்களுக்கு இதற்குள் செய்தி எட்டியிருக்கும். நானும் அவரும் பள்ளித் தோழர்கள். பத்திரிகைச் செய்திக்காக ஊர் சுற்றிய பின் மாலைகளில் நான் உட்காரும் இடம் அவர் கடைதான்.

கல்லாவுக்கு மேலே ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். பாத்திரத்தில் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பது நம் ஊர்க் கணக்கு. "நீங்களே வச்சுப் பாருங்க. ஒட்டுச்சுன்னா அண்டாவ என் தலையில கவுத்துருங்க" என்பார்.

அந்தக் கணக்கை நம்பித்தான் ஒருமுறை சறுக்கினார். காந்தம் ஒட்டாத கத்திதான் வேண்டும் என்று மொத்த வியாபாரியிடம் கேட்டு வாங்கினார். பாத்திரத் தகட்டிலேயே செய்த கத்திகள் வந்தன. கண்ணாடி போல மின்னின. கல்யாணச் சமையலுக்குப் போகும் எரியோடு ஊர்ப் பேச்சியம்மாள் தன் ஆட்கள் எல்லோருக்கும் அதையே வாங்கிப் போனார்.

மறுவாரம் கடையில் முகூர்த்தக் கூட்டம். நானும் இருந்தேன். பேச்சியம்மாள் கத்திகளைச் சாக்கோடு கொண்டுவந்து கொட்டினார்.

"ஏண்ணே, இது கத்தியா, கரண்டியா? வெங்காயத்த நறுக்கச் சொன்னா நசுக்குது. தீட்டித் தீட்டி, பந்தியே தள்ளிப்போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி தலை குனிஞ்சு நின்னேன். ஏமாத்துறீகளா?"

வாங்க வந்தவர்கள் எல்லோரும் ராஜமாணிக்கத்தைப் பார்த்தார்கள். அப்பா காலத்திலிருந்து கடைக்கு இருந்த பெயர், அடுத்து அவர் சொல்லப்போகும் சொல்லில் நின்றது. வியாபாரி மேல் பழியைப் போட்டிருக்கலாம். எழுந்து நின்றார்.

"தப்பு எம்மேலதான், தாயி. விசாரிக்காம, நாந்தேன் கேட்டு வாங்குனேன்."

கடை முழுக்கக் கேட்டது. விற்ற கத்திகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகுதான் விசாரித்தார். கத்திக்கான எவர்சில்வர் வேறு. அதைச் சுடவைத்துக் குளிர்வித்தால் இறுகும், காந்தமும் ஒட்டும். பாத்திரத் தகடு அப்படி இறுகாது. மலிவு விலையிலேயே அந்தக் கத்தி ரகத்தை வாங்கி வைத்தார். வந்தவர்கள் காந்தத்தை வைத்துப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

"என்னய்யா, அண்டாவுக்கு ஒரு பேச்சு, கத்திக்கு ஒரு பேச்சா?" என்றார் ஒருவர்.

"அண்டாவ வச்சுக் காய் நறுக்குவீகளா மாமா?"

ஒட்டினாலே உயர்ந்த கத்தி என்றும் அவர் சொன்னதில்லை. "கூர் ரொம்ப நாள் நிக்காது. ஆனா செத்த நேரம் தீட்டுனாப் போதும், வந்துரும். எலுமிச்சம்பழம் அறுத்தாலும் கறுக்காது. இந்த வெலைக்கு இம்புட்டுதேன்" என்பார். அதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களும் உண்டு.

துக்க வீட்டு வாசலில் யாரோ பேச்சியம்மாளைச் சீண்டினார்: "ஏமாத்துறாருன்னு அன்னைக்கு அந்தச் சத்தம் போட்டீகளே!"

"அவுக ஏமாத்தல. ஏமாந்தாக. அதையும் அவுக வாயாலதான சொன்னாக" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பத்திரிகையில் பிழை வந்துவிட்டால், உள்பக்க மூலையில் சிறிய எழுத்தில் திருத்தம் போடுவோம். ராஜமாணிக்கம் தன் திருத்தத்தை முகூர்த்தக் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.