காலுக்காக வயிற்றில் வெட்டியது

என் வலது காலைக் காப்பாற்ற வயிற்றில் வெட்டினார்கள். தோட்டத்தில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினால், "அது அப்பெண்டிஸ் வெட்டினது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தோடு சரி.

எங்கள் தோட்டம் ரத்தோட்டைக்கு மேலே. மலையைத் தாண்டினால் லக்கலப் பக்கம். வருஷக் கடைசியில் அங்கிருந்து ஒரு காற்று வரும். மழையும் அதோடு சேர்ந்து வரும். நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குகிற வேலை. ஆம்பிளைகள் வேலை. வெறுங்காலோடு ஈரத்தில் நிற்க வேண்டும். நிற்கிற எல்லாரும் பீடி இழுப்போம். சூட்டுக்கு என்றுதான் சொல்வோம். குளிர்கிறது என்று யாராவது சொன்னால் பக்கத்தில் இருப்பவன் பீடிக்கட்டை நீட்டுவான். தேத்தண்ணி கொடுப்பதுபோல அது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், மலை ஏறும்போது வலது பாதம் உள்ளுக்குள் இழுத்துப் பிடித்தது. நின்றேன். கொஞ்ச நேரத்தில் விட்டது. மறுபடி நடந்தேன். மறுபடி பிடித்தது. அதன்பிறகு தினமும் அப்படி.

என் மனைவியின் தம்பியும் எங்கள் கவ்வாத்துக் கூட்டத்தில்தான் வேலை செய்தான். அவனுக்கு எல்லாம் விளையாட்டு.

"என்னா மச்சான், பஸ்ஸு மாதிரி ஒவ்வொரு ஹோல்ட்டுலயும் நிக்கிறீங்க? ஆள் ஏத்துறீங்களா, எறக்குறீங்களா?"

"காலு வலிக்குது."

"வயசாச்சு. அக்காவ வேற எடத்துல குடுத்திருக்கலாம்."

எனக்கு அப்போது முப்பதுகூட முடியவில்லை. கங்காணி சிரிக்கவில்லை. "இப்பிடியே நின்னு நின்னு வந்தா அரைப்பேர்தான் விழும்" என்றார். பேர் விழுவது என்றால் அன்றைய சம்பளம். அரைப்பேர் என்றால் பாதி.

கொஞ்ச நாளில் நடக்காமல் இருக்கும்போதும் வலித்தது. பெருவிரல் வெள்ளையாகிக் கிடக்கும். தொட்டால் தவளையைத் தொட்ட மாதிரி இருக்கும். படுத்தால் வலி கூடும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால் குறையும். அப்படியே தொங்கப் போட்டுத் தூங்கப் பழகிக்கொண்டேன்.

குளிர் ஏறிவிட்டது, சூடு காட்டு என்றார்கள். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். வேலை முடிந்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பீடியும் பற்றவைத்துக்கொள்வேன். உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு.

ஒரு சாயங்காலம் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க, என்னமோ கருகுது."

"ரொட்டியப் பாரு."

"ரொட்டிய எறக்கி எந்நேரமாச்சு. ஐயோ, ஒங்க காலுங்க!"

பெருவிரல் ஓரம் வெந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. அவள் காலை இழுத்தாள், அழுதாள், திட்டினாள். அந்தப் புண் ஆறவில்லை.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் மருந்து கொடுக்கிறவரை டாக்டரய்யா என்போம். அவர் புண்ணைக் கழுவினார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்.

"குடிக்கிறியா?"

"இல்லீங்கய்யா."

உண்மைதான். நான் சாராயம் தொட்டதில்லை. அவர் தலையாட்டிவிட்டுத் துணியைக் கட்டினார்.

அந்த வருஷங்களில் நாட்டில் குழப்பம். கடையை மூடு என்று இரவில் யாரோ கடிதாசி ஒட்டிவிட்டுப் போவார்கள். மூடாவிட்டால் சுடுவார்கள். மூடினால் ஆமிக்காரர்கள் வந்து திறக்கச் சொல்வார்கள். பஸ் ஓடாது. ஒரு தடவை கடைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. மேலே எங்களுக்கு அரிசியும் மாவும் தோட்டத்திலிருந்து கிடைத்தது. பீடி கிடைக்கவில்லை. ஆட்கள் காய்ந்த இலையைச் சுருட்டி இழுத்து இருமினார்கள். நான் அதையும் முயன்று பார்த்தேன். தொண்டை எரிந்தது, விட்டுவிட்டேன்.

அந்த வாரங்களில் கால் தேறியது. புண் ஓரம் காய்ந்தது. மலையில் நிற்காமல் பாதி தூரம் ஏறினேன்.

மனைவி அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றாள். அவள் தம்பி, தான் கொடுத்த எண்ணெய்தான் வேலை செய்தது என்றான். இரண்டு பேரும் அதற்காகச் சண்டை போட்டார்கள்.

கடை திறந்த அன்றைக்கே அவன் ரத்தோட்டைக்கு நடந்து போய்ப் பீடிக்கட்டுகள் வாங்கி வந்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான். அதை வாங்கியபோது எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாளில் வலி திரும்பி வந்தது. முன்னைவிட மோசம். பெருவிரல் நுனி கறுத்தது.

"நேர்த்திய இன்னும் கட்டல. அம்மா கோவிச்சுக்கிட்டா" என்றாள் மனைவி.

டாக்டரய்யா இந்தத் தடவை காலைப் பார்த்ததும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். தோட்டத்து லொறியில் மாத்தளைக்கு இறங்கினோம். வழியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். அந்த நாளில் வாலிப வயசுக்காரன் காலில் கட்டுப் போட்டிருந்தால் எங்கே அடிபட்டது என்று கேட்பார்கள். ஒருத்தன் துவக்கு முனையால் காட்டி, அவிழ் என்றான். அவிழ்த்தேன். நாற்றத்தில் இரண்டு அடி பின்னால் போனான். "யன்ன, யன்ன" என்று கையை வீசினான். போ என்று அர்த்தம். போனோம்.

மாத்தளையில் பார்த்துவிட்டு கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிங்கள டாக்டர், வயசு குறைந்தவர். கணுக்காலில் விரலை வைத்து நாடி தேடினார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். கிடைக்கவில்லை. என்னைப் படுக்க வைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார். வலது பாதம் மெழுகுதிரி மாதிரி வெளுத்தது. பிறகு உட்கார்ந்து தொங்கப் போடச் சொன்னார். மெல்ல மெல்லச் சிவந்து, பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. இடது காலையும் அவர் அதிக நேரம் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சிங்களத்தில்தான் பேசினோம். எனக்கு நன்றாக வரும். "பொனவத?" என்று கேட்டார். குடிப்பாயா என்று அர்த்தம். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு என் கையைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு விரலில் மஞ்சள் கறை.

"இது என்ன?"

"பீடி, சேர்."

"குடிக்கிறதில்லை என்றாயே?"

"அது குடிக்கிறதில்லை சேர். இழுக்கிறது."

பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. சாராயத்துக்கும் பீடிக்கும் சிங்களத்தில் அந்த ஒரே சொல்தான். தமிழிலும் பீடி குடிப்பது என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் தோட்டத்தில் சொல்வதில்லை. அங்கே குடிப்பது என்றால் சாராயம்.

"இடையில் எப்போதாவது வலி குறைந்ததா?"

"குறைந்தது சேர். கடை மூடியிருந்தபோது."

"என்ன கடை?"

"எல்லாக் கடையும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். இரத்தக் குழாய் தகரக் குழாய் மாதிரி சும்மா கிடப்பதில்லை. அதன் சுவரில் சதை இருக்கிறது. அது இறுகும், தளரும். இறுகினால் அந்தப் பக்கம் இரத்தம் குறையும். தளர்ந்தால் கூடும். குளிர் வந்தால் உடம்பு கைகால் குழாய்களை இறுக்கும். உள்ளே நெஞ்சும் வயிறும் சூடாக இருக்க வேண்டும் என்பதற்காக. எங்கள் மேல் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் விட்டால் கீழ் லயத்துப் பைப்பில் சொட்டுத்தான் வரும். அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். இறுக்கு என்கிற சேதி முதுகெலும்புப் பக்கமிருந்து நரம்பு வழியாகக் காலுக்குப் போகிறது. புகையிலையும் அதையே செய்கிறது, இறுக்குகிறது. என்னைப்போல் சிலருக்கு அதோடு நிற்பதில்லை. குழாய் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்கிறது. சூட்டுக்கு என்று இழுத்தது அவ்வளவும் காலைக் குளிர வைத்தது. அடுப்பில் காட்டியது அதைவிடப் பிழை. இரத்தம் வந்தால்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வராத காலில் சூடு அப்படியே நின்று சுட்டுவிடும்.

"என்ன செய்யலாம் சேர்?"

வயிற்றுப் பக்கம் வெட்டி அந்தச் சேதி போகிற நரம்பை அறுத்துவிடலாம் என்றார். அப்போது அடைபடாமல் மிஞ்சியிருக்கிற சின்னக் குழாய்கள் தளரும். பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பலிக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும்.

"கால் போனா கவ்வாத்து வெட்ட முடியாது சேர்."

"தெரியும்" என்றார்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் மாத்தளை முஸ்லிம் நானா ஒருவர். துணிக்கடைக்காரர். அவருக்கு இடது கால் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. சிகரட்டைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். ஆபரேசனுக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வா, வெளிய காத்து வாங்குவோம்."

"டாக்டர் ஏசுவாருங்க நானா."

"என்ட ஒரு கால எடுத்திட்டாரு. இனி என்னத்த எடுக்கப் போறாரு?"

"இன்னொன்னு இருக்குதுங்களே."

நானா சத்தம் போட்டுச் சிரித்தார். "அது ஈக்கிற வரைக்கும் ஈக்கட்டும். போன கால் இன்னம் கடிக்குது தம்பி, பெருவிரல்ல. சொறியப் போனா விரல் இல்ல. ஒண்டு இழுத்தாத்தான் அது அடங்கும். இந்தா, ஒனக்கும் ஒண்டு."

நீட்டினார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மிச்சக் காலைத் தொங்கப் போட்டிருந்தார். நான் அந்தப் பாதத்தைப் பார்த்தேன். என்னுடையதைப் போலவே பீட்ரூட் நிறம். பார்த்துக்கொண்டே, வேண்டாம் என்றேன். நானா கோபிக்கவில்லை. தடியை ஊன்றித் தனியாக வெளியே போனார்.

மறுநாள் வெட்டினார்கள். முழித்தபோது வயிறு எரிந்தது. காலை அசைக்கப் பயமாக இருந்தது. மிஸ் வந்து போர்வையைத் தூக்கி இரண்டு பாதத்தையும் இரண்டு கையால் பிடித்துப் பார்த்தாள். போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் தொட்டார். பிறகு என் கையை எடுத்து வலது காலில் வைத்தார். சூடாக இருந்தது. காய்ந்தும் இருந்தது. இடது கால் எப்போதும்போல் சில்லென்று வியர்த்துக் கிடந்தது. ஒரே உடம்பில் இரண்டு பேருடைய கால் மாதிரி.

கறுத்த விரல் நுனியை மட்டும் எடுத்தார்கள். அது பெரிய இழப்பில்லை. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் சொன்னார்.

"நரம்பைத்தான் அறுத்தேன். புகையிலைக்கு நரம்பு தேவையில்லை. அது இரத்தத்தோடு நேராகப் போய் வேலையைப் பார்க்கும். நீ ஒன்று இழுத்தாலும் திரும்ப இங்கேதான் வருவாய். அப்போது காலை எடுப்பேன். இடதும் அதே வழியில்தான் இருக்கிறது."

வீட்டுக்கு வந்ததும் லயமே கூடிவிட்டது. மனைவியின் தம்பி வயிற்றுக் கட்டைப் பார்த்தான், காலைப் பார்த்தான்.

"காலுக்கு வருத்தம்னு அனுப்புனோம், வயித்துல வெட்டி அனுப்பியிருக்கானுங்க. நல்லவேளை, பல்லு வலின்னு போகல."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே பழக்கத்தில் ஒரு பீடியைப் பற்றவைத்து எனக்கு நீட்டினான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். என் மனைவி அதைப் பிடுங்கி வாசலில் மிதித்தாள்.

"ஒன்னோட எண்ணெயும் வேணாம், பீடியும் வேணாம்."

"அப்ப ஒங்க அம்மன்?"

"அம்மாதான் கடைய மூட வச்சா. ஒனக்கு வெளங்கல" என்றாள்.

அவன் குனிந்து மிதிபட்ட பீடியை எடுத்துக்கொண்டு போனான்.

பீடியை விட்டது கஷ்டம்தான். வேலையில் எல்லாரும் இளைப்பாறும்போது நான் கத்தி தீட்டிக்கொண்டிருப்பேன். கை சும்மா இருந்தால் தேடும். முதலில் கங்காணி என்னை ஏலக்காய் மலையில் இலேசான வேலைக்குப் போட்டார். பிறகு கவ்வாத்துக்கே எடுத்துக்கொண்டார். நிற்காமல் மலை ஏறினேன். முழுப்பேர் விழுந்தது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் இடது கணுக்காலில்தான் முதலில் விரலை வைப்பார். அங்கே நாடி மெலிசாக இருந்தது. அதற்குமேல் மெலியவில்லை.

அந்த வருஷம் லக்கலக் காற்று வந்தபோது மனைவி தன் இரண்டு பாதத்தையும் கொண்டுவந்து என் வலது காலின் மேல் வைத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"எடு. குளிருது."

"ஆபரேசன் செஞ்ச காலு எனக்கு. மத்தத நீங்க வச்சுக்கங்க."

எனக்கு இரண்டு காலும் இருந்தன. அவள் தன் பாதத்தை எடுக்கவில்லை.