அண்ணி தைத்த டிரைவர் சீட்

என் அண்ணி பெண்களுக்கு உடை தைப்பவர். யாருடைய உடம்பையும் ஒரே பார்வையில் அளந்துவிடுவார். என் இடுப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் பழைய வேனின் டிரைவர் சீட்டைக் கழற்றி ஹாலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். "ஒரு மணி நேரம் வலியில்லாம உட்கார முடிஞ்சா வண்டி ஓட்டலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழிவிழுந்த அந்தச் சீட்டில் அவரால் கால் மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. மனம் விட்டுப்போய், வேனை விற்றுத் தரச்சொல்லி புரோக்கரிடம் சொல்லிவிட்டார். ஞாயிறு நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. வேனும் போய்விட்டால் இந்த மனுஷன் கட்டிலோடு கிடந்துவிடுவார் என்று எனக்குப் பயம். அண்ணிக்கும்தான், காட்டிக்கொள்ளவில்லை.

மக்கிப்போன ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, கெட்டி ஸ்பாஞ்சு வெட்டி வைத்தார். இடுப்பு சாயும் இடத்தில் ஒரு துண்டு கூடுதலாக ஒட்டினார். கறுப்பு ரெக்சினில் உறை தைத்தார். ஞாயிறு காலை மாட்டிப் பார்த்தால் உறை தொளதொளவென்று தொங்கியது.

"என்ன அண்ணி, சீட்டு மூச்சு விடட்டும்னு லூஸ் வெச்சீங்களா?" என்றேன்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். பழக்கதோஷம். உடைக்கு விடுவதுபோல் சுற்றிலும் தளர்வு விட்டிருக்கிறார். சீட் உறையோ ஸ்பாஞ்சைவிடச் சிறிதாக இருந்து, இழுத்து மாட்ட வேண்டியது. இப்படியே விட்டால் மடிப்பு முதுகில் உறுத்தும்.

"விடு. விக்கப்போற வண்டிக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றார் அண்ணன், படுத்தபடியே.

அண்ணிக்கு வந்ததே கோபம். "பேசாம படுங்க. உங்க வாயைத் தைக்கிற அளவுக்கு ரெக்சின் மிச்சமிருக்கு!"

ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி தைத்தார். ரெக்சினில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. கை தப்பினால் மாற்றுத் துண்டும் இல்லை. ரெக்சின் நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன். பிறகு ஸ்பாஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி அழுத்தி, இருவருமாக உறையை இழுத்து மாட்டினோம். இந்த முறை கச்சிதம். சீட்டை வேனில் ஏற்றி நட்டு முடுக்கும்போது மணி இரண்டே முக்கால்.

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். மூன்றேகால் ஆயிற்று, இறங்கவில்லை. மூன்றரைக்குப் போய்ப் பார்த்தேன். தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வலி வந்த நாளிலிருந்து அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலு மணிக்கு புரோக்கர் வாசலில் நின்று, "சார்! சார்!" என்று கத்தினார்.

அண்ணி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார். "வண்டி விக்கலைங்க. மெதுவாப் பேசுங்க, டிரைவர் தூங்குறாரு."