பிடியரிசி முதலாளி

சீரகத்தில் ஒரு மண்கட்டியைக் கண்டால் எங்கள் அப்பாவுக்கு அன்றைய சாப்பாடு இறங்காது. மலாக்கா டவுனில் மளிகைச் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்றுவந்தார். இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் சீரகத்தில் பாதி காம்பும் மண்ணும்தான் என்பார். பாதி என்பது அவர் கோபத்தின் கணக்கு. அந்தச் சரக்கை டவுனுக்கு வெளியே செங் என்ற ஊரில் ஒரு கொட்டகைக்குக் கொண்டுபோய், தோட்டத்துப் பெண்களைக் கொண்டு சலித்துப் புடைத்து, வெயில் காட்டி மறுபடி மூட்டை கட்டுவார். வீட்டில் ரசம் கொதிக்கும்போதுகூட அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, நாலு சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். அது அவருடைய சொந்தச் சரக்குதான். இருந்தாலும் நம்ப மாட்டார்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒருநாள் பலன் கிடைத்தது. சுமத்ராவுக்குச் சரக்கு ஏற்றும் தவுக்கே, அதாவது சீன முதலாளி ஒருவர் எங்கள் சீரகத்தைக் கேட்டு வந்தார். இது சரியாகப் போய்ச் சேர்ந்தால் மாதாமாதம் எடுப்பதாகச் சொன்னார். கடல் தாண்டிப் போகப்போகும் முதல் சரக்கு. அப்பா தரையில் கால் பாவாமல் நடந்தார்.

அம்மாவுக்கும் சந்தோஷம். அவர் வெறும் ஏனத்தை வாசல் தாண்ட விடமாட்டார். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு துண்டு வெல்லமாவது அதில் கிடக்கும். வீட்டில் துவைத்துத் தைத்த சாக்குகளைச் செங்குக்கு அனுப்பும் நாளில், நான் வாயைப் பிரித்துப் பிடிக்க, ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பிடி அரிசி போட்டார். "வெறுஞ்சாக்கா போனா வெறுங்கையாத்தான் திரும்பி வரும்லா," என்றார். அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார் என்று. கொட்டகையில் யாரும் சாக்குக்குள் பார்க்கவில்லை. அரிசி அடியில் கிடக்க, மேலே சீரகம் நிறைந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று அரிசிக்குக் கடுமையான கட்டுப்பாடு. பெர்மிட் இல்லாமல் சாலையில் அரிசி கொண்டுபோய்ப் பிடிபட்டால் விசாரணை இல்லாமலேயே உள்ளே வைத்துவிடுவார்கள். சிலரைக் குடும்பத்தை இங்கே விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேற்றியதாகவும் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொள்வார்கள். சமையலறையில் கிடக்கும் ஒரு பிடி அரிசிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமென்று அம்மாவுக்குத் தோன்றவில்லை.

சரக்கு கிளம்பிய அன்று பள்ளி விடுமுறை. அப்பாவோடு நானும் லாரியில் போனேன். தவுக்கேயும் செங்குக்கு வந்திருந்தார். மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி மாதிரி எடுத்தார். வெள்ளைக் காகிதத்தில் பரப்பிப் பார்த்தார், ஒரு சீரகத்தைக் கடித்தார், தலையை ஆட்டினார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் கண்ணடித்து நான் பார்த்தது அன்றுதான்.

தவுக்கேயும் எங்களோடு லாரியில் ஏறிக்கொண்டார். டவுனுக்கு வரும் வழியில் போலீஸ்காரர்கள் எங்கள் லாரியை மறித்தார்கள். மலாய் சார்ஜன் ஒரு மூட்டையைத் தார்ச்சாலையோரம் கொட்டச் சொன்னார். சீரகம் சரிந்து கொட்டி, கடைசியாக வெள்ளையாய் ஒரு பிடி விழுந்தது.

"பெராஸ்!" என்று கத்தினார் சார்ஜன். அரிசி! அடுத்த மூட்டையிலும் ஒரு பிடி. அதற்கடுத்ததிலும் ஒரு பிடி. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். யார் போட்டது என்று மலாயில் கேட்டார் சார்ஜன்.

அப்பா அரிசியைப் பார்த்தார். அது யார் கைப்பிடி என்று அவருக்கு உடனே தெரிந்திருக்கும். எனக்கோ பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"அப்பா, அது அம்மா..."

"பேசாம இரு பாப்பா," என்றார். என் தோளில் விழுந்த கை வலித்தது. பிறகு சார்ஜனிடம் மலாயில் சொன்னார்: "நான்தான் போட்டேன் துவான். எடை கூடணும்னு அடியில கலந்தேன். சீரகத்தவிட அரிசி வெல கம்மி பாருங்க."

தவுக்கே அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். சற்றுத் தள்ளிப் போய், டவுன் பஸ்ஸுக்குக் கைகாட்டி ஏறிக்கொண்டார்.

ஸ்டேஷனில் அப்பாவைச் சாயங்காலம் வரை உட்காரவைத்து விசாரித்தார்கள். காட்டுக்குச் சோறு அனுப்புகிறவன் சாக்குக்கு ஒரு பிடி அனுப்பமாட்டான், இது சில்லறைத் திருட்டு என்று முடிவு கட்டி, சிரித்து, திட்டி, அரிசியை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். வியாபாரி எடையில் ஏமாற்றுவான் என்பதை நம்ப அவர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை.

வீட்டில் அம்மா அழுதார். "நான் போய்ச் சொல்றேங்க. தவுக்கேகிட்ட மட்டுமாவது சொல்லிடுறேன்."

"ஒருத்தர்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும். ஒன்னக் கொண்டுபோய் உள்ள வச்சிட்டா நான் யாருகிட்ட போய் நிப்பேன்? பேரு போனாப் போவுதுலா, விடு."

நான் கதவருகே நின்று கேட்டேன். ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. பொய் சொன்னவர் அவர், பள்ளியில் கேலி எனக்கு. கலப்படக்காரன் மகள் என்றார்கள். சாலையோரம் மண்ணோடு அள்ளிவந்த சீரகத்தை அப்பா யாருக்கும் விற்காமல் குழி தோண்டிக் கொட்டினார். கொட்டியதை யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்கள்.

சுமத்ரா வியாபாரம் அதோடு போயிற்று. ஊரில் அவருக்குப் பிடியரிசி முதலாளி என்று பெயர் வந்தது. கடைக்கு வருகிறவர்கள், "என்ன மொதலாளி, இன்னிக்கு மல்லியில எத்தன பிடி?" என்று கேட்பார்கள். எங்கள் வீடு கடைக்குப் பின்கட்டு. நடுவில் ஒரு துணித்திரைதான், அந்தப் பக்கம் அம்மா ஏதாவது வேலையாக இருப்பார். கேலி கேட்டதும் அவர் கை நின்றுவிடும். அப்பாவோ கேட்டவரைவிட உரக்கச் சிரிப்பார். கடை அதிரச் சிரிப்பார். கொஞ்சங்கூட ரோஷம் இல்லாத மனிதர் என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். எதிரே நிற்கும் ஒரு ஆளுக்கு அவ்வளவு சத்தம் எதற்கு என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.