அம்மாள் வந்திருந்த கிழமை

ஐம்பது வயசிலை ஒரு மனிசனுக்குக் கொப்பளிப்பான், அதுதான் சின்னம்மை, வரலாமோ? எனக்கு வந்தது. அதுவும் மகள் பல்கலைக்கழகத்திலை தன்ரை ஆய்வைப் பற்றிப் பேசப்போற கிழமை பார்த்து! அந்தப் பேச்சைக் கேக்கவெண்டு எப்பவோ லீவு எடுத்து வைச்சனான்.

என்ரை மனிசி என்னை அறைக்குள்ளை விட்டுக் கதவைச் சாத்தினா. மகளுக்கு இன்னும் அது வராதபடியால் அவளைக் கிட்டவும் விடேல்லை. குறொன்லாண்டிலை இருக்கிற தமிழ்க் கடையிலை வேப்பிலை வாங்கி வந்து நிலையிலை செருகினா. "வருத்தத்தின்ரை பேரைச் சொல்லாதேங்கோ, அம்மாள் கோவிப்பா. வந்திருக்கிறா எண்டு சொல்லுங்கோ."

அந்த நேரம் பார்த்து டொக்டர் போன் எடுத்தார். மனிசி கதவடியிலை காவல். நான் என்ன செய்ய? "அம்மா வந்திருக்கிறா" எண்டு இந்த நாட்டுப் பாஷையான நோர்ஸ்கிலை சொன்னன்.

"நல்ல சந்தோஷம். எத்தினை நாள் நிப்பா?"

"ரெண்டு கிழமை நிப்பா போலை. முதல் முதுகிலைதான் வந்தவ. இப்ப முகத்துக்கும் வந்திட்டா."

டொக்டர் வலு கனிவா, வீட்டிலை வேறை ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டார். மகள் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சுப்போட்டு, தான் திருப்பி எடுத்து விளங்கப்படுத்தினாள்.

அவளின்ரை ஆய்வும் அம்மை பற்றினதுதான். கனடாவிலை மிக்மாக் எண்டொரு பூர்வீகச் சனம். அவையளுக்குப் பெரியம்மை வந்த காலத்திலை வெள்ளைக்கார அதிகாரியள் என்ன செய்தவை எண்டு, அந்த அதிகாரியளின்ரை கடிதங்களைப் படிச்சு எழுதினவள். பின்னேரங்களிலை கதவுக்கு அங்காலை நிண்டு பேசிப் பழகுவாள். பட்டினத்துக்குள்ளை வராதேங்கோ எண்டு மறிச்சவையாம். கூடை வித்துச் சீவிச்ச சனம், மறிச்சால் என்னத்தைத் தின்னும்? அதிகாரியள் ஆளுக்காள் கடிதம் எழுதிக்கொண்டு இருந்தவையாம்.

"அப்பிடியே கொம்மாதான்!" எண்டு உள்ளையிருந்து கத்தினன்.

"ஓமோம், மூண்டு நேரமும் கஞ்சி காய்ச்சித் தாற அதிகாரியை எங்கை கண்டனீங்கள்?" எண்டு குசினியிலையிருந்து மறுமொழி வந்தது.

மூண்டு நேரமும் கஞ்சி. அதுதானே என்ரை முறைப்பாடே!

பேச்சு நாள் காலமை மனிசி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. கழுத்திலை ஒண்டு காயேல்லை. "போகேலாது" எண்டிட்டா. எனக்கு அழுகை வந்திட்டுது, ஒளிப்பானேன். என்னைத் தனிய விட மனமில்லாமல் அவவும் நிண்டிட்டா. மகள் மண்டபத்திலையிருந்து எனக்கு வீடியோ கோல் எடுத்தாள். நான் சாரத்துக்கு மேலை கோட்டும் போட்டுக்கொண்டு கட்டிலிலை இருந்து பார்த்தன்.

நல்லாப் பேசினாள். முடிய, கேள்வி இருக்கோ எண்டு கேட்டினம். என்ரை சத்தம் அங்கை கேக்காது எண்டு நினைச்சு, "இஞ்சாரும், இண்டைக்கும் கஞ்சியோ? பசியிலை சாகிறன்!" எண்டு கத்திப்போட்டன். மண்டபம் முழுக்கக் கேட்டிட்டுது.

ஆர் அது எண்டு பேராசிரியர் கேட்டா.

"அப்பா. அறைக்குள்ளை மறிச்சு வைச்சிருக்கிறம்" எண்டு மகள் சிரிச்சாள். எல்லாரும் சிரிச்சினம். பிறகு அவளின்ரை சிரிப்பு நிண்டிட்டுது. "நான் படிச்ச கடிதமெல்லாம் வெளியிலை நிண்டவை எழுதினது. உள்ளை பசியோடை கிடந்த ஒராளின்ரை குரல் ஒண்டிலையும் இல்லை."

இவ்வளவும் நோர்ஸ்க். பிறகு போனைப் பார்த்துத் தமிழிலை சொன்னாள்.

"தேடித் தேடிப் பார்த்தனான், அப்பா."